பேக்கரி கஃபேயில் பகல் சாப்பாடு: கேட்கக் கூச்சப்படும் ஒரு கேள்வி



போன செவ்வாய்க்கிழமை கேகாலை டவுனில் எங்களுக்கு ஒரு செமினார். பகல் இடைவேளையில் மூன்று டீச்சர்மார் சேர்ந்து ஒரு பேக்கரி கஃபேக்குப் போனோம். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடை. பெயர் வேண்டாம், யாருடைய வியாபாரத்தையும் கெடுக்க இதை எழுதவில்லை. பாணும் கேக்கும் விற்ற கடைகள்தான் இப்போது சோறும் போடுகின்றன. 1902இல் தொடங்கிய பெரேரா அன்ட் சன்ஸிலும் இன்று பகல் சாப்பாடு கிடைக்கிறது (நாங்கள் போனது அங்கே அல்ல). பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் இது பெரிய வசதி. சுத்தமான மேசை, கை கழுவ இடம், பெண்கள் தனியாகப் போய் உட்காரலாம். ஊர் ஹோட்டல்களில் இது எல்லா இடத்திலும் கிடைக்காது, நாமே ஒத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டைச் சொன்னால், சோறும் கறியும்தான் நல்லது. பருப்பு கெட்டியாக இருந்தது, கத்தரிக்காய் மோஜு அருமை. ஃப்ரைட் ரைஸ் காய்ந்து போயிருந்தது, காலையில் போட்டதாக இருக்கலாம். விலை, வழமையாக வாங்கும் சோற்றுப் பார்சலைப் போல இரண்டு மடங்கு. ஏசிக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிரச்சினை மெனுவில். பலகையில் சாப்பாட்டின் பெயரும் விலையும் மட்டும், அதுவும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை.

லம்ப்ரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது பறங்கியர் வீட்டுச் சாப்பாடு. வாழை இலையில் சோற்றைப் பொதிந்து அவனில் வைத்து எடுப்பார்கள். பழைய முறைப்படி செய்தால் கறியில் மாட்டிறைச்சியோடு பன்றியிறைச்சியும் சேரும். இப்போது பெரும்பாலும் சிக்கன் லம்ப்ரைஸ்தான் விற்கிறார்கள். ஆனால் பலகையில் வெறும் "லம்ப்ரைஸ்" என்று இருந்தால் நான் எப்படித் தெரிந்துகொள்வது? சொசேஜ் பணிஸில் இருப்பது சிக்கனா, வேறா? புடிங்கில் போட்ட ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது? கிறிஸ்மஸ் கேக்கில் பிராந்தி ஊற்றுவது இந்த நாட்டில் வழக்கம், அதையும் எங்கேயும் எழுதுவதில்லை. சிக்கன் ரோல்ஸை எடுக்கிற இடுக்கியாலேயே பக்கத்தில் இருக்கும் ஹாம் சேண்ட்விச்சையும் எடுக்கிறார்கள்.

நான் கேட்கவில்லை. கேஷில் நின்ற தங்கச்சியிடம் கேட்க வாய் வந்தது, பின்னால் வரிசை நின்றது, பேசாமல் சோறும் மீனும் எடுத்துக்கொண்டேன். மீன் என்றால் பாதுகாப்பு என்று நம்மில் எத்தனை பேர் இப்படித் தப்பித்து வந்திருக்கிறோம்!

இந்தக் கூச்சம் சும்மா வந்ததல்ல. 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிராகப் பொதுபல சேனா நடத்திய ஆர்ப்பாட்டங்கள் நினைவிருக்கும். அந்த வருடம் மார்ச்சில் ஜம்இய்யத்துல் உலமா விட்டுக்கொடுத்தது, உள்நாட்டுப் பொருட்களுக்கு முத்திரை கட்டாயமில்லை என்று ஆனது. 2014இலிருந்து அந்த வேலையை எச்.ஏ.சி. என்ற தனி நிறுவனம் பார்க்கிறது. முத்திரை திரும்ப வந்துவிட்டது, நமது வாய்தான் இன்னும் திரும்ப வரவில்லை. 2019க்குப் பிறகு "ஹலாலா?" என்று சத்தமாகக் கேட்பதே சண்டைக்குப் போவது மாதிரி ஆகிவிட்டது. மாவனல்லை பக்கத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அன்று உண்மையில் மாட்டிக்கொண்டது நான் அல்ல. கூட வந்தவர்களில் ஒருவர் தோட்டப் பாடசாலை டீச்சர். செவ்வாயும் வெள்ளியும் சைவம். மரக்கறிச் சோறு என்று கேட்டு வாங்கினார். பாதி சாப்பிட்ட பிறகுதான் தேங்காய்ச் சம்பலில் மாசி இருப்பது தெரிந்தது. பாவம், ஒன்றும் பேசாமல் தட்டை ஒதுக்கிவிட்டுப் பிளேன்டீ குடித்தார். மூன்றாமவர் சிங்கள டீச்சர், அவர் வீட்டில் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். அவரும் பெட்டிஸைப் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். அவருடைய மகனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாதாம். லம்ப்ரைஸில் வைக்கும் பிளச்சானில் கூனி இறால் இருக்கிறது என்று நான் சொன்னபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஆக ஒரு மேசையில் மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒரே கேள்வி: இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்? அதனால்தான் இதை ஹலால் பிரச்சினை என்று மட்டும் கொண்டுபோகக் கூடாது என்கிறேன். சாப்பிடுகிற ஆள் சாமான் என்னவென்று கேட்பது மதச் சண்டை அல்ல. மாசி, இறால், மாடு, பன்றி, மது. இந்த ஐந்தும் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கீழே சின்னதாக எழுத ஒரு மார்க்கர் பேனா போதும். தமிழிலும் எழுத வேண்டும். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு அரசகரும மொழியானது தமிழ். ஒரு தனியார் கடையைச் சட்டத்தைக் காட்டி மிரட்டச் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வரும் தோட்டத்து அக்காவும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறார்?

ஹலால் சான்றிதழ் இருக்கும் கடைகள் அதைக் கேஷ் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். இல்லாத கடைகள் இல்லை என்று சொன்னாலே போதும், நாங்கள் மரக்கறி சாப்பிட்டுவிட்டுப் போவோம், கோபமில்லை.

செமினார் அடுத்த செவ்வாயும் இருக்கிறது. மூன்று பேரும் அதே கடைக்குத்தான் போகிறோம். இந்த முறை வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் கேட்பது என்று பேசி வைத்திருக்கிறோம். முதலில் சம்பலைப் பற்றி சிங்கள டீச்சர் கேட்பார், பிறகு லம்ப்ரைஸைப் பற்றி நான். என்ன பதில் வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.