தாயை வெளியே நிறுத்திய பாடம்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தீநுண்மிக்கு அஞ்சித் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீளத் திறந்தது 2021 நவம்பர் முதல் நாளில்தான். இடைப்பட்ட பத்தொன்பது திங்களுக்கு மேலாகத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீடும், விரும்பியோ விரும்பாமலோ, பள்ளியாக வேண்டியதாயிற்று. அக்காலத்தைப் பற்றிப் பலரும் பலவாறு எழுதிவிட்டனர். பிள்ளைகள் இழந்த படிப்பு, திறன்பேசி வாங்க இயலாத வீடுகள், அதனை வாங்கியதனால் கெட்ட கண்கள் என்று அப்பட்டியல் நீளும். ஆயின், வீட்டில் கற்பிக்கத் தொடங்கிய முதற் சில கிழமைகளிலேயே வெளிப்பட்டுவிட்ட ஓர் உண்மையைப் பேசினோர் மிகச் சிலரே. தான் பெற்ற பிள்ளைக்குத் தானே கற்பிக்க மாட்டாதவளாகத் தமிழ்நாட்டுத் தாய் ஆக்கப்பட்டிருக்கிறாள் என்பதே அவ்வுண்மை.

விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் கொங்குநாட்டுக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்க. பெயர் வேண்டா, அத்தகைய குடும்பங்கள் ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கமெல்லாம் தெருத்தோறும் உள்ளன. தாய் அரசுப் பள்ளியில் தமிழ்வழியிற் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துத் தேறியவள். தந்தை எட்டாம் வகுப்போடு தறிக்குச் சென்றவர். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு. இளையவன் இரண்டாம் வகுப்பு. இருவரும் ஆங்கிலவழித் தனியார் பள்ளியில். கூலியில் பெரும்பங்கைக் கட்டணமாகக் கொடுத்துப் படிக்க வைக்கிறோம் என்னும் பெருமிதம் பெற்றோர்க்கு. ஊரடங்கால் தறி நின்றது, கூலியும் நின்றது. சூன் திங்களிற் பொத்தகக் கட்டு வீடு வந்து சேர்ந்தது. கைப்பேசியில் நாளும் ஒரு மணிநேர வகுப்பு. எஞ்சியதை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள் என்று பள்ளியின் அறிவிப்பு.

முதற் கிழமை அவ்வீட்டில் நடந்தது கல்வியன்று, பள்ளிக்கூட விளையாட்டு. காலை ஒன்பது மணிக்குப் பாய் விரிக்கப்பட்டது. எந்த மணிக்கு எந்தப் பாடம் என்று எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டது. பூவரசங்கொம்பு ஒன்றும் ஒடித்து வைக்கப்பட்டது. (கற்பித்தல் என்றவுடன் தமிழன் கைக்குக் கம்பு தேடுவது எங்கிருந்து பற்றிய நோயோ!) நான்காம் நாள் இளையவன் பாட்டி வீட்டுக்கு ஓடிப்போனான். அதில் வியப்பொன்றுமில்லை. நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் அமர்த்தி வைக்க வேண்டிப் பள்ளி வகுத்துக்கொண்ட கட்டுகள் இரண்டே பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு எற்றுக்கு? வீட்டில் கற்பிக்கப் புகும் பெற்றோர் பெரும்பாலோர் முதலில் இடறும் கல் இது. கம்பைத் தூக்கி எறிந்து காலக்கட்டைக் கிழித்துவிட்டால் இவ்விடர் தீரும். அடுத்து வந்த இடர் அவ்வளவு எளிதிற் தீர்வதன்று.

மூத்தவள் அறிவியற் பொத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிழையின்றி ஒப்பித்தாள். இலைகள் உணவு ஆக்கும் வகையைக் கூறும் பக்கம் அது.

“இதற்கு என்ன பொருள், கண்ணு?” என்றாள் தாய்.

“பொருளெல்லாம் கேட்க மாட்டார்கள், அம்மா. இப்படியே எழுதினாற் போதும்.”

“இருந்தாலும் சொல்லேன்.”

“சொன்னால் உனக்கு எப்படிப் புரியும்? உனக்குத்தான் ஆங்கிலம் தெரியாதே!”

மகள் இதனை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. தாயும் அதனை இகழ்ச்சியாகக் கொள்ளவில்லை. இருவரும் அதனை உண்மையென்றே நம்பினர். கொடுமை அங்கேதான் உள்ளது. பதினைந்து ஆண்டுகட்கு முன் அத்தாய் அதே பாடத்தை ஒளிச்சேர்க்கை என்னும் பெயரிற் படித்துத் தேறியவள். இலையின் பச்சையம், வேர் உறிஞ்சும் நீர், காற்றிலுள்ள கரிவளி, கதிரவன் ஒளி ஆகிய எல்லாம் அவள் அறிந்தவையே. அறிந்தவள் தன்னை அறியாதவள் என்று எண்ணிக்கொண்டு வாய் மூடி நிற்கிறாள். படிக்காத தாயின் நிலை ஒருபுறமிருக்க, படித்த தாயையும் படியாதவளாக்கும் வித்தையை ஆங்கிலவழிக் கல்வியன்றி வேறெது செய்யும்? ஒளிச்சேர்க்கைக்கு ஆங்கிலேயர் வழங்கும் சொல்லும் அவர்தம் வீட்டுச் சொல்லன்று. கிரேக்க வேர்களைக் கொண்டு ஆக்கியது. ஆயினும் ஆங்கிலப் பிள்ளைக்கு அதனை அவிழ்த்துச் சொல்ல ஆங்கிலம் பேசும் தாய் வீட்டில் இருக்கிறாள். தமிழ்ப் பிள்ளைக்கோ சொல்லும் பூட்டியிருக்கிறது. திறவுகோல் வைத்திருப்பவளும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறாள்.

இரண்டாம் கிழமையில் ஒருநாள், கொல்லை முருங்கையடியில், அவள் தன் பழைய சொல்லையே எடுத்தாள். “ஒளி என்றால் என்ன?” “வெளிச்சம்.” “சேர்க்கை என்றால்?” “சேர்ப்பது.” சற்றுப் பொறுத்து மகள் கேட்டாள்: “எதையும் எதையும் சேர்க்கிறது, அம்மா?” ஓராண்டுக் காலமாக அப்பிள்ளை அப்பாடத்தைப் பற்றிக் கேட்ட முதற் கேள்வி அது. சொல்லே கேள்வியை எழுப்பிவிட்டது. ஒப்பித்த பக்கத்தில் இருந்ததும் அதற்குரிய விடையே. ஆயின் கேள்வி பிறவாத உள்ளத்தில் விடை எங்ஙனம் தங்கும்?

கணக்கில் இது இன்னும் தெளிவாகும். காலும் அரைக்காலும் எண்ணாக எழுதப்பட்டபோது, எட்டு நான்கினும் பெரிதாகையால் 1/8 என்பதே 1/4 என்பதினும் பெரிது என்று மகள் அடித்துக் கூறினாள். உலகெங்கும் பிள்ளைகள் செய்யும் பிழைதான். தாய் அடுக்களையிலிருந்து படியையும் உழக்கையும் ஆழாக்கையும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆகவே உழக்கு காற்படி, ஆழாக்கு அரைக்காற்படி. அரிசியை அளந்து கொட்டிய பின் எது பெரிது என்று யாரும் சொல்ல வேண்டுவதில்லை. அரைக்கால் என்னும் சொல்லே காலில் அரை என்று பெருக்கிக் காட்டுகிறது. தமிழ்க் கீழ்வாய் எண்களின் அழகே இதுதான். மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அஃதாவது 1/16. அதன் பெயர் மாகாணி! பெயருக்குள்ளேயே கூட்டல் இருக்கிறது. நான்கு முந்திரி ஒரு காணி. ஆகலின் முந்திரி 1/320. பழைய எண்சுவடியைப் பார்த்துப் பழங்குப்பை என்று நகைத்த படிப்பாளிகள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

அன்று தறிக்காரத் தந்தையும் ஆசிரியரானார். “நூலிலும் இப்படித்தான், எண் கூடினால் நூல் மெலியும்” என்றார் அவர். ஓர் இராத்தல் எடையில் 840 கெச நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது நின்றால் அது 40ஆம் எண் நூல். அறுபது நின்றால் 60ஆம் எண் நூல். ஒரே எடையை மிகுந்த நீளத்திற்கு இழுப்பதால் 60ஆம் எண் நூலே மெல்லியது. ஒரே படியை எட்டாகப் பங்கிட்டால் நான்காகப் பங்கிட்டதினும் பங்கு சிறுப்பதும் அது போன்றதே. மகள் பெருக்கிப் பார்த்தாள்: ஓர் இராத்தல் 40ஆம் எண் நூலில் 33,600 கெசம்! எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர் என்று வீட்டிலுள்ளோரே ஒதுக்கி வைத்திருந்த ஒருவர் நெஞ்சில் இவ்வளவு கணக்கு இருந்தது.

தமிழில் எல்லாம் பிள்ளைக்கு எளிது என்று கூறுவதும் பொய்யாகும். பதினொன்று, பன்னிரண்டு என்பன பத்தோடு கூடியவை என்று தாமே காட்டும். அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் காட்டா. ஆயின் தொண்ணூறு நூற்றையும் தொள்ளாயிரம் ஆயிரத்தையும் சார்ந்து பெயர் பெற்றிருத்தலின் இளையவன் அங்கே தடுமாறவே செய்தான். தடுமாறினாலும் கேட்கலாம், கேட்டால் விடை சொல்லத் தாய்க்குத் தெரியும். வேற்றுமை அவ்வளவே.

இதனைக் கொண்டு, பள்ளியே வேண்டா, வீடே போதும் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. பள்ளிக்கு அனுப்பாமலே கற்பித்துத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வெழுத வைக்கும் பெற்றோர் நகரங்களில் உளர். பொழுதும் பொருளும் உடையார்க்கு அது கைகூடும். தறி ஓடத் தொடங்கினால் பன்னிரண்டு மணிநேரம் அதன்முன் நிற்போர்க்குக் கைகூடாது. திண்ணைப்பள்ளிக் காலத்தை எண்ணி ஏங்குவோரும் உளர். அத்திண்ணைகளிற் பலவற்றில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகட்கு ஏற இடமிருந்ததா? பெண்மக்கட்கு இருந்ததா? ஊர்தோறும் பள்ளியும், 1956இற் காமராசர் தொடங்கிய பகலுணவும் வந்த பின்னரே அவர்கள் எழுத்தறிந்தனர். போராடிப் பெற்ற பள்ளியை விட்டுக்கொடுப்பது பேதைமை. கேட்க வேண்டுவது ஒன்றே: பள்ளியின் மொழி, வீட்டை உள்ளே விடும் மொழியாக இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தை மொழிப்பாடமாக, அறிந்த ஆசிரியரிடம் நன்றாகக் கற்கட்டும். அதனை எவரும் தடுக்கவில்லை.

அரசு செய்ததென்ன? 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியது, நன்று. ஆயின் கணக்கும் அறிவியலும் எம்மொழியில் என்னும் வினாவை அது தொடவில்லை. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருக்கப்பட்டன. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில்தான் தர வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தல் ஆகாது எனக் கருநாடக வழக்கில் 2014ஆம் ஆண்டு மே திங்களில் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. மொழியைத் தெரிந்துகொள்வது பெற்றோர் உரிமையாம்! தம்மை வெளியே தள்ளும் கதவைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை.

அரசையும் முறைமன்றத்தையும் பழித்துவிட்டு அமைதல் எளிது. பிள்ளைக்கு நல்ல தமிழ்ப்பெயர் சூட்டி, தமிழிற் கையெழுத்திட்டு, அப்பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியிற் சேர்க்கும் விண்ணப்பத்தில் அக்கையெழுத்தையே இடும் தமிழ்ப்பற்றாளர் இவ்வியக்கத்திலும் உளர். அவர்கட்கு ஒன்று நினைவூட்டத் தகும். தனித்தமிழ் இயக்கமே பள்ளியிற் பிறந்ததன்று. 1916இற் பல்லாவரத்தில், மறைமலையடிகளுக்கும் மகளார் நீலாம்பிகைக்கும் இடையே நடந்த உரையாடலிற் பிறந்தது. வள்ளலார் பாட்டொன்றில் வந்த ‘தேகம்’ என்னும் வடசொல்லின் இடத்தில் ‘யாக்கை’ என்பது நின்றிருப்பின் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தந்தை எடுத்துக் காட்ட, மகள் அதனைப் பற்றிக்கொண்டார். அம்மகளே பின்னர் வடசொற்றமிழ் அகரவரிசையைத் தொகுத்து, வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொல் இன்னது என்று தமிழ்மக்கள் கையிற் கொடுத்தார்.

அத்தகைய ஒரு சிறு சுவடி இன்று தாய்மார்க்கு வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள ஆங்கிலவழிக் கணக்கு, அறிவியற் பொத்தகங்களில் வரும் சொற்களை அவை ஒலிக்கும்படி தமிழெழுத்தில் ஒருபுறமும், அத்தாய்மார் தம் பள்ளிக் காலத்திற் படித்த தமிழ்ச்சொற்களை மறுபுறமும் நிறுத்த வேண்டும். ஆங்கிலவழிக்கு முட்டுக் கொடுக்கும் வேலை இது என்று சிலர் சினக்கலாம். பிள்ளை எங்கே படித்தாலும், தனக்கும் அப்பாடம் தெரியும் என்று தாய் அறிந்துகொண்ட வீட்டில்தான் அடுத்த பிள்ளையைத் தமிழ்வழியிற் சேர்க்கும் பேச்சே எழும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் இருவரும் அறிவியல் ஆசிரியர் ஒருவரும் அமர்ந்தால் இரண்டு திங்களில் முடியும் பணி. சொல் புதிதாய்ப் படைக்க வேண்டுவதில்லை. பழைய தமிழ்வழிப் பாடநூல்களிலேயே எல்லாம் கிடக்கின்றன. எழுத்து பெரிதாக இருக்கட்டும். அடுக்களைக் கைபட்டுக் கிழியாத தாளாக இருக்கட்டும். விலை ஒரு குவளைத் தேநீர்க்கு மேற்பட வேண்டா.