காத்திருக்க ஒரு இடம்

ரெண்டு மாசமா இங்க எதுவும் எழுதல. மகளோட பிரசவத்துக்கு நானும் வீட்டுக்காரியும் டொரோன்டோ போயிருந்தோம். பேத்தி பிறந்திருக்கா, தாயும் பிள்ளையும் சுகம். நவரை நடவை முடிச்ச கையோட கிளம்பினது. களையெடுப்பு, தண்ணி கட்டறது எல்லாத்தையும் தம்பி பார்த்துக்கிட்டான். திரும்பி வந்து பார்த்தா பயிர் கதிர் வாங்கி நிக்குது.

கனடா குளிரைப் பத்தி இன்னொரு நாள் எழுதறேன். இன்னிக்கு எழுத வந்தது போற வழியில துபாய் விமான நிலையத்துல உட்கார்ந்திருந்த நாலு மணி நேரத்தைப் பத்தி.

எங்க மருமகன் வேலை விஷயமா மாசத்துல பாதி நாள் பறக்கிறவர். அப்படிப் பறந்து சேர்த்த மைல் புள்ளிகளை எல்லாம் கொட்டி, துபாயிலிருந்து டொரோன்டோ வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் முதல் வகுப்பு போட்டுட்டார். "பதினாலு மணி நேரம் மாமா. அத்தைக்கு முட்டி வலி. காலை நீட்டிப் படுத்துக்கிட்டு வரட்டும்" என்றார். அந்த டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கினா எவ்வளவுன்னு நெட்டுல பார்த்தேன். எத்தனை போகம் விளைஞ்சா அந்தப் பணம் வரும்னு கணக்குப் போட ஆரம்பிச்சு, பாதியிலேயே நிறுத்திட்டேன். இவகிட்ட சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா ஆரணி எல்லையைத் தாண்டியிருக்க மாட்டா.

செய்யாறு, காஞ்சிபுரம் வழியா கார்ல மீனம்பாக்கம், அங்கிருந்து சாதாரண வகுப்புல துபாய். அதுவரைக்கும் எல்லாம் நமக்குப் பழகின நெரிசல்தான். துபாய்ல இறங்கினதும் எங்க பேரை எழுதின அட்டையோட ஒரு பொண்ணு நின்னுது. லிஃப்ட்டுல ஏத்தி ஒரு தளத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு. கதவு திறந்ததும் முதல்ல தெரிஞ்சது அமைதி. அத்தனை பெரிய விமான நிலையத்துக்கு நடுவுல, வெயில் நேரத்துல தோப்புக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்தது.

தோல் சோபாக்கள், ஒண்ணுக்கொண்ணு பத்தடி தள்ளி. ஷூவுக்குப் பாலிஷ் போட ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். என் கால்ல இருந்த செருப்பைப் பார்த்துட்டு மரியாதையா வேற பக்கம் திரும்பிக்கிட்டார். குளிக்கத் தனித்தனி அறை, படுக்க இருட்டு அறை. சாப்பாட்டு அட்டையைக் கொடுத்தாங்க. முன்னும் பின்னும் புரட்டினேன். விலை போடற பத்தியே இல்ல. விலை இல்லாத அட்டையைப் பார்த்து எதைக் கேட்கிறதுன்னு நமக்கு எங்க தெரியும்? இவ தயிர் சோறு கிடைக்குமான்னு கேட்டா. அட்டையில அது இல்ல. இருந்தாலும் கொஞ்ச நேரத்துல சோறும் கெட்டித் தயிரும் தனித்தனியா வந்தது, வெள்ளித் தட்டுல மூடி போட்டு. ஊறுகாய் எங்க பையிலேயே இருந்தது.

கொண்டு வந்த பொண்ணு மலையாளி. இவ கட்டியிருந்த புடவையைப் பார்த்து, "காஞ்சிபுரமா அம்மா?" என்றது. "இல்லம்மா, ஆரணி. எங்கண்ணன் தறியில போட்டது" என்றாள் இவ. குரல்ல ஒரு கெத்து. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு வாங்கியும், எங்க ஊர்ல நெய்யற புடவை காஞ்சிபுரம் பேர்ல கடை ஏறற கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு பல்லுவை விரலால தொட்டுப் பார்த்துட்டுப் போச்சு. போகும்போது ரெண்டு டம்ளர்ல தண்ணி வச்சுட்டுப் போச்சு.

நான் குடிச்சேன். இவ குடிக்கல.

"ஏன், தாகமில்லையா?"

"வெளிய வந்தா நான் தண்ணி குடிக்க மாட்டேன், தெரியாதா உங்களுக்கு?"

முப்பத்தோரு வருஷம் ஒண்ணா வாழ்ந்திருக்கேன். எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் போனாலும், திருவண்ணாமலை பஸ்ஸுல போனாலும் பாட்டிலை என்கிட்டதான் நீட்டுவா. தாகம் எடுக்காத உடம்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். 

கழிப்பறை எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டுப் போனவ இருபது நிமிஷமாகியும் வரல. வழி தெரியாம மாட்டிக்கிட்டாளோன்னு எழுந்து நின்னேன். முகம் கழுவி, தலை வாரி, புடவையைச் சரி பண்ணிக்கிட்டு நிதானமா நடந்து வந்தா. "ஏங்க, உள்ள ஒரு சொட்டு ஈரமில்ல. பாய் விரிச்சுப் படுக்கலாம் போல இருக்குது. உட்கார நாற்காலி வேற போட்டு வச்சிருக்காங்க" என்றாள். உட்கார்ந்து அந்தத் தண்ணியைக் குடிச்சா. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி அதையும் குடிச்சா. அப்புறம் என்னைப் பார்க்காம, எதிர்ல இருந்த கண்ணாடிச் சுவரைப் பார்த்துக்கிட்டே சொன்னா: "போன வருஷம் களத்துல இப்படி ஒண்ணு இருந்திருந்தா எனக்கு அந்தக் காய்ச்சலே வந்திருக்காது."

போன வருஷக் கதையைச் சொல்லியாகணும். நவரை நெல்லு ரெண்டு ஏக்கர், நாப்பது கிலோ மூட்டையா நூத்துக்கும் மேல. நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு ஏத்திக்கிட்டுப் போனோம். எந்த ஊர் நிலையம்னு சொல்ல வேண்டாம். அங்க இருக்கிற ஆளுங்களும் நம்மள மாதிரி வெயில்ல காயறவங்கதான். ஆன்லைன்ல பதிவு பண்ணி தேதியும் வாங்கித்தான் போனோம். போன அன்னிக்கு சாக்கு இல்ல. மறுநாள் சாக்கு வந்தது, ஏற்கெனவே எடை போட்ட மூட்டையை ஏத்த லாரி வரல. அதை ஏத்தாம நம்ம நெல்லைக் கொட்ட இடமில்ல. நெல்லைக் குவிச்சு, தார்ப்பாய் மூடி, பக்கத்துலயே படுத்தோம். நாலாம் நாள் ராத்திரி கோடை மழை. ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க. மெஷின்ல பத்தொன்பது காட்டுச்சு. திரும்ப ரோட்டுல பரப்பிக் காய வச்சோம். எல்லாம் முடிஞ்சு வீடு வர ஒன்பது நாள் ஆச்சு.

ராத்திரிக் காவல் நான். மாடு, கரும்புத் தண்ணின்னு பகல்ல நான் வீட்டுப் பக்கம் போகணும், அதனால பகல் காவல் இவ. அங்க நிழல்னா ஒரு வேப்ப மரம், அதுக்குக் கீழே இருபது பேர். கழிப்பறைன்னு ஒண்ணு கிடையாது. ஆம்பளைங்க எங்கேயாவது ஒதுங்கிக்குவோம். ஏரிக்கரை முள்ளுப் புதர்தான் மறைவு, அங்கேயும் பகல்ல ஆள் நடமாட்டம். அதனால இவ காலையில வீட்டுல இருந்து கிளம்பும்போதே தண்ணியை நிறுத்திடுவா. மே மாச வெயில்ல, இருட்டற வரைக்கும் பல்லுல ஒரு சொட்டு படாது. நெல்லு வித்து ரெண்டாம் நாள் நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல். நாலு நாள் ஆரணியில ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தினாங்க. டாக்டரம்மா "நிறைய தண்ணி குடிக்கணும்" என்று சொன்னப்போ இவ சிரிச்சா. ஏன் சிரிச்சான்னு எனக்கு அப்ப புரியல. துபாய்லதான் புரிஞ்சது. ஒன்பது நாளும் சாயந்திரம் நான் போய் முதல்ல கேட்டது, "நெல்லு நனையலையே?"

சரி, இதுல என் கருத்துக்கு வர்றேன்.

அந்த மாதிரி ஆடம்பர ஓய்வறைகளைத் திட்டப் போறேன்னு நினைச்சிருந்தா இல்ல. சொகுசா உட்கார்ந்து தயிர் சோறு தின்னுட்டு வந்து திட்டறது நியாயமும் இல்ல. அங்க என்னதான் விக்கிறாங்கன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். விமானம் எல்லாருக்கும் ஒரே விமானம், ஒரே நேரத்துல கிளம்பி ஒரே நேரத்துல இறங்கும். காசு அதிகம் கொடுத்தவனும் காத்திருக்கத்தான் வேணும். அந்தக் காத்திருப்பு உடம்பை வருத்தாம, மனசைக் கூச வைக்காம பார்த்துக்கிறாங்க. அதுக்குத்தான் அவ்வளவு காசு. 1939-ல நியூயார்க் லகார்டியா விமான நிலையத்துல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்மிரல்ஸ் கிளப்'னு ஒண்ணு திறந்துதான் இந்தத் தொழிலை ஆரம்பிச்சு வச்சதுன்னு சொல்றாங்க. முதல்ல அழைப்பு இருக்கிறவங்களுக்கு மட்டும், பிறகு காசு கட்டினவங்களுக்கும். ஃபிராங்க்ஃபர்ட்ல லுஃப்தான்சா 2004-ல முதல் வகுப்புக்காரங்களுக்குன்னு தனிக் கட்டடமே கட்டிடுச்சு. அங்க தொட்டியில குளிச்சா மிதக்க விட ஒரு ரப்பர் வாத்து கொடுப்பாங்களாம், கிளம்பும்போது கார்லயே விமானத்துக்குக் கீழே கொண்டுபோய் விடுவாங்களாம். அந்த வாத்தைச் சேகரிக்கிறவங்களும் இருக்காங்கன்னு மருமகன் சொன்னார். சிரிச்சு மாளல எனக்கு.

நம்ம ஊர்லயும் வந்தாச்சு. சில ரூபே கார்டைத் தேய்ச்சா உள்நாட்டு லவுஞ்சு. நீங்க பார்த்திருப்பீங்க, காத்திருக்கிற இடத்துக்குள்ள போறதுக்கே வாசல்ல காத்திருக்கிற வரிசையை.

ஆனா வழியில நிக்கிறவனுக்கு இடம் செஞ்சு கொடுக்கிறது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது இல்லையே. எங்க பக்கத்துப் பழைய ரோட்டோரங்கள்ல இன்னும் சுமைதாங்கிக் கல்லு நிக்குது. தலைச்சுமையைத் துணையில்லாம இறக்கி வச்சு, துணையில்லாமலே திரும்ப ஏத்திக்கலாம். சரியா ஆள் உயரத்துக்கு அளந்து நட்டிருப்பாங்க. வயித்துல பிள்ளையோட செத்துப் போன பொண்ணுங்க நினைவா, அவங்க இறக்கி வைக்க முடியாத சுமைக்காக நடறது அது. அந்தக் கல்லுல சாய்ஞ்சு விளையாடியிருக்கேன், சின்ன வயசுல விஷயம் தெரியாது. தெருவுக்குத் திண்ணை, ஊருக்குத் தண்ணீர்ப் பந்தல், யாத்திரை வழிக்குச் சத்திரம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டுல இரண்டாம் சரபோஜி 1802-ல கட்டின முத்தம்பாள் சத்திரத்துல சோறும் போட்டு, பாடமும் சொல்லிக் கொடுத்து, வைத்தியமும் பார்த்திருக்காங்க. எல்லாச் சத்திரத்துலயும் எல்லாரையும் ஒரே பந்தியில உட்கார வச்சாங்கன்னு சொல்ல வரல. அந்தக் காலத்தை நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனா வர்றவன் களைச்சிருப்பான்னு ஒரு நெனப்பு இருந்தது.

அந்த நெனப்பு இப்ப விமான நிலையத்துல மட்டும்தான் மிச்சம்.

என் மச்சானைச் சொல்றேன். குழித்தறியில காலைத் தொங்கவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் உட்கார்ந்து ஒரு புடவையை இறக்குவார். அதை மடிச்சு எடுத்துக்கிட்டு முதலாளி கடைக்குப் போனா, காலையில போனவர் விளக்கு வச்சுத்தான் வருவார். வெளியூர் வியாபாரி வந்திருப்பார், கணக்குப்பிள்ளை சாப்பிடப் போயிருப்பார். உட்காரப் படிக்கட்டுதான். உள்ள புடவை வாங்க வந்தவங்களுக்கு ஏசியும் மெத்தையும் காபியும். அடுத்த பாவு கைக்கு வர்ற வரைக்கும் தறி சும்மா கிடக்கும், அந்த நாளுக்குக் கூலி கிடையாது. நாலு மணி நேரம் மெத்தையில உட்கார்ந்து நான் எழுந்தப்போ என் தோள் மேல கிடந்த பட்டு அங்கவஸ்திரமும் அவர் படிக்கட்டுல உட்கார்ந்து கொடுத்ததுதான்.

'விவசாயிக்கு ஏசி ரூம் கேட்கிறியா?'ன்னு சிலர் கேட்பீங்க. கேட்கல. தோல் சோபா போட்டா எலி கடிச்சுடும். மேல ஒரு ஷீட் கூரை, ஒரு குழாய், தாழ்ப்பாளும் தண்ணியும் இருக்கிற கழிப்பறை, பொம்பளைங்களுக்குத் தனியா. இது ஒரு நிலையத்துல ஒரு சீசனுக்கு நனைஞ்சு முளைக்கிற நெல்லை விடப் பெரிய செலவா இருக்காதுன்னு நெனைக்கிறேன். இன்னொண்ணும் வேணும், அதுக்குக் காசே ஆகாது. துபாய்ல யாரும் மைக்குல கத்தல. நேரம் வந்ததும் அந்த மலையாளிப் பொண்ணு வந்து குனிஞ்சு, "அம்மா, இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. மெதுவா நடந்து போகலாம்" என்று சொல்லிட்டுப் போச்சு. ஒன்பது நாள்ல ஒரு நாளாவது "உங்க நெல்லு வியாழக்கிழமைதான், வீட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்று யாராவது சொல்லியிருந்தா, இவ வீட்டுல இருந்திருப்பா.

பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வர்ற சென்னை சொந்தக்காரங்க கார்ல இருந்து இறங்கினதும் முதல்ல கேட்கிறது பாத்ரூம் எங்கன்னுதான். அப்புறம்தான் வரப்பு, மாடு, செல்ஃபி எல்லாம். முன்னெல்லாம் எனக்குக் கொஞ்சம் கேலியா இருக்கும். இப்ப இல்ல. கேட்கத் தெரிஞ்சவங்க கேட்கிறாங்க.

விமானத்துக்குள்ள எப்படி இருந்ததுன்னு கேட்டா, படுத்தேன், தூங்கிட்டேன், அவ்வளவுதான். இவ ரெண்டு தடவை எழுந்து போய்ட்டு வந்தா. போற வழியெல்லாம் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சிருக்கா.

அடுத்த மாசம் அறுப்பு. அதுக்கு முன்னாடி வர்ற விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்துல கொடுக்க மனு எழுதிட்டேன், பக்கத்து நாலு ஊர்க்காரங்க கையெழுத்தோட. கூரை, எடை மெஷின், லாரி, சாக்கு, குடிதண்ணி, கழிப்பறைன்னு வரிசையா எழுதி இவகிட்ட படிச்சுக் காட்டினேன். கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் ஆம்பளைங்களான்னு கேட்டா. ஆமாம்னேன். பேனாவை வாங்கி, ஆறாவதா இருந்ததை அடிச்சுட்டு மேல ஒண்ணாவதா எழுதிட்டு, கீழே தன் பேரையும் போட்டா. பக்கத்துத் தெரு பொம்பளைங்ககிட்டயும் வாங்கிட்டு வர்றேன்னு மனுவை எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. இன்னும் வரல.