துணி போர்த்திய விமானங்கள்

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதே காலை, கப்பலைப் பிளக்கும் டார்பிடோ குண்டுகளைச் சுமந்து, பிரிட்டிஷ் கடற்படையின் ஆறு ‘சுவார்ட்ஃபிஷ்’ விமானங்கள் திருகோணமலையிலிருந்து கொழும்பை நோக்கிப் பறந்தன. அவற்றின் இறக்கைக்கு மேல்தோல் வெறும் துணி! வேகம் மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர். எதிரியின் ‘ஜீரோ’வுக்கோ 500க்கும் மேல். துணைக்கு ஒரு சண்டை விமானமும் இல்லை. ஆறும் வீழ்த்தப்பட்டன.

பாசிசத்தை எதிர்த்து மாண்ட அந்த வாலிபர்களுக்குத் தலை வணங்குவோம். ஆனால், காவலின்றி அனுப்பிய குற்றத்தைத் ‘தியாகம்’ என்ற சொல்லால் மூட விடலாமா?

ஆலையில் பாய்லர் வெடித்தாலும், வயலில் மின்கம்பி அறுந்து விழுந்தாலும் இதே சொல்லோடுதான் மாலை வரும். மாலை பிறகு வரட்டும். பாதுகாப்பு முன்னே வரட்டும்! அதைக் கேட்டுப் போராடுவதே மாண்டவர்க்கு நம் அஞ்சலி.