மைசூர் போதைத் தொழிற்சாலை எழுப்பும் கேள்விகள்

2025 ஜூலை இறுதியில் மும்பை சாக்கிநாக்கா காவல்துறையினர் மைசூருக்கு வந்து, வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஒரு கொட்டகையைச் சோதனையிட்டனர். மெபெட்ரோன் என்னும் செயற்கைப் போதைப்பொருள் அங்கே உற்பத்தி செய்யப்பட்டு வந்தது வெளிப்பட்டது. இவ்வழக்கில் கைப்பற்றப்பட்ட சரக்கின் மதிப்பு சுமார் 390 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்டது. மும்பையில் ஒருவரிடம் பிடிபட்ட சிறு பொட்டலத்தில் தொடங்கிய விசாரணை, வசை வழியாக மைசூர் வரை நீண்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த காவலர்களுக்குத் தெரிந்த கொட்டகை, அருகிலிருந்த காவல் நிலையத்துக்குத் தெரியாமல் போனது எப்படி? உள்ளூர் ஆய்வாளர் ஒருவரின் பணியிடை நீக்கத்துடன் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

மெபெட்ரோனுக்கு ‘ஏழைகளின் கோகைன்’ என்றொரு பெயர் உண்டு. இப்பெயரிலேயே ஒரு வர்க்கப் பிரிவினை இருக்கிறது. தென் அமெரிக்காவின் கோகோ இலையிலிருந்து எடுக்கப்படும் கோகைன், கடல்கடந்து வருவதால் விலை மிகுந்தது. செல்வந்தர்களின் விருந்துகளுக்கு உரியது. உள்ளூர்க் கொட்டகையில் இரசாயனப் பொருள்களைக் கொண்டு தயாரிக்கக்கூடிய மெபெட்ரோன், அதே கிளர்ச்சியைக் குறைந்த விலைக்குத் தருவதாகக் கூறி மாணவர்களையும் உழைக்கும் இளைஞர்களையும் தேடி வருகிறது.

இரண்டும் உடலில் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்னும் பொருள், தன் பணி முடிந்ததும் நரம்பணுக்களால் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். கோகைன் அவ்வழியை அடைத்துவிடுகிறது. களைப்பும் பசியும் மறைந்து, எல்லையற்ற ஆற்றல் பெற்றதுபோன்ற மயக்கம் தோன்றுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் அது வடிந்து, சோர்வும் மனவாட்டமும் கவிகின்றன. மீண்டும் தூளைத் தேடச் செய்கின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும் அதே வேளையில் இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் சுருங்குகின்றன. எனவேதான் முப்பது வயதினருக்கும் மாரடைப்பும் பக்கவாதமும் நேர்கின்றன. மதுவுடன் சேரும்போது கல்லீரலில் கோகாஎதிலீன் என்னும் மற்றொரு பொருள் உருவாகி இதயத்துக்கான ஆபத்தை மேலும் கூட்டுகிறது. தொடர்ந்து மூக்கால் உறிஞ்சுவோருக்கு மூக்கின் நடுச்சுவர் துளைபடுகிறது. உறக்கமின்மை, காரணமற்ற சந்தேகம், மனப்பிறழ்வு ஆகியவை குடும்பத்தையும் தொழிலிடத்தையும் பாதிக்கின்றன. கோகைன் அடிமைத்தனத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. நீண்டகால உளவியல் சிகிச்சையும் சமூக ஆதரவுமே வழி.

இந்தியாவுக்கு இது புதிய நோய் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா, பம்பாய், டெல்லி நகரங்களில் வெற்றிலையோடு கோகைன் விற்கப்பட்டது. ஐரோப்பிய மருந்து ஆலைகளில் தயாரான சரக்கு துறைமுகங்கள் வழியே கடத்தி வரப்பட்டது. அபினியை அரசு வருவாயாக்கிய அதே காலனி ஆட்சிதான் கோகைனைத் தடை செய்தது. எந்த நஞ்சுக்குத் தடை, எந்த நஞ்சுக்கு உரிமம் என்பதை மக்கள் நலனைக் காட்டிலும் கருவூலமே தீர்மானித்தது. மது விற்பனையை நம்பி வரவு செலவுத் திட்டம் தீட்டும் இன்றைய மாநில அரசுகளுக்கும் இது பொருந்தும்.

இன்றைய கடத்தலின் அளவு வேறு. 2021 ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்குப் பெட்டகத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோ கோகைன் கைப்பற்றப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ராவில் பிடிபட்ட ஹெராயின் ஏறத்தாழ 3,000 கிலோ. 2024 அக்டோபரில் டெல்லியில் 500 கிலோவுக்கு மேற்பட்ட கோகைன் சிக்கியது. அதைத் தொடர்ந்து குஜராத்தின் அங்கலேஷ்வரில் ஒரு மருந்து ஆலையிலிருந்து மேலும் 518 கிலோ எடுக்கப்பட்டது. உலக அளவில் 2023இல் கோகைன் உற்பத்தி 3,708 டன்னை எட்டியது என்று ஐ.நா. அமைப்பு கணக்கிடுகிறது. துறைமுகமும் ஆலையும் வங்கிக் கணக்கும் இல்லாமல் இவ்வளவு பெரிய வணிகம் நடைபெற இயலாது. எந்தப் பண்டத்தையும் போலவே இதுவும் மூலதனத்தின் விதிப்படி நகர்கிறது. தெருமுனையில் பொட்டலம் விற்பவன் அதன் கடைசிக் கூலியாள்.

ஆனால் சட்டத்தின் கை முதலில் விழுவது அவன்மீதும் பயன்படுத்துவோன்மீதும்தான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கோகைனைப் பயன்படுத்தியவருக்கே ஓராண்டு வரை கடுங்காவல் விதிக்க இடமளிக்கிறது. சிறு அளவுடன் பிடிபட்டுத் தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைநோயாளருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் 64ஏ பிரிவும் அதே சட்டத்தில் உள்ளது. அப்பிரிவு பயன்பட வேண்டுமானால் சிகிச்சைக்கு இடம் இருக்க வேண்டும். ஒன்றிய அரசு 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைக்கு அடிமையானோரில் இருபதில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவர். உறுதிமொழி ஏற்பு விழாக்களுக்கும் மாணவர் பேரணிகளுக்கும் குறைவில்லை. மருத்துவர்களுக்கும் படுக்கைகளுக்கும்தான் குறை. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை தனியார் மறுவாழ்வு இல்லத்துக்குச் செல்கிறான். கூலித் தொழிலாளியின் மகன் சிறைக்குச் செல்கிறான்.

தண்டனையைக் கடுமையாக்கினால் போதும் என்போர் அமெரிக்காவின் அனுபவத்தைக் காண வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைக் கறுப்பினத்தவர் பகுதிகளில் விற்கப்பட்ட ‘கிராக்’ வகைக் கோகைன் 5 கிராமுக்கும், தூள் கோகைன் 500 கிராமுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை விதித்தது. சிறைகள் கறுப்பின இளைஞர்களால் நிரம்பின. கோகைன் வரத்து நிற்கவில்லை. 2010இல் அந்த விகிதத்தைக் குறைக்க நேர்ந்தது. மாறாக, 2001இல் போர்ச்சுகல், சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவைக் குற்றவியல் வழக்கிலிருந்து நீக்கிச் சிகிச்சையை விரிவாக்கியது. போதைச் சாவுகளும் எச்.ஐ.வி. தொற்றும் அங்கே வெகுவாகக் குறைந்தன. அங்கும் விற்பனை குற்றமே.

இடதுசாரி அணிகளிலும் ஒரு தயக்கம் நிலவுவதை மறைக்க வேண்டியதில்லை. போதைக்கு ஆளான இளைஞனை ‘சீரழிந்தவன்’ என்று ஒதுக்குவதும், தோழர் ஒருவரின் வீட்டிலேயே அது நிகழும்போது வெளியே தெரியாமல் மூடிவைப்பதும் நடக்கின்றன. இரண்டும் அந்த இளைஞனைச் சிகிச்சையிலிருந்து விலக்கி வியாபாரியின் கையில் ஒப்படைக்கின்றன. கைதானவரின் பெயரைக் கொண்டு மதச் சாயம் பூச முனையும் வகுப்புவாத சக்திகளுக்கும் இந்த மௌனம் உதவுகிறது. நிலையான வேலையின்மை, இரவு பகல் பாராத ஒப்பந்த உழைப்பு, எதிர்காலம் பற்றிய அச்சம் ஆகியவை போதைக்கு நிலத்தைப் பண்படுத்துகின்றன என்பதை உணர்ந்தோர், அந்நிலத்தில் விழுந்தவரை மட்டும் குற்றவாளியாகக் காண்பது முரண்பாடு.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். மைசூர் கே.ஆர். மருத்துவமனை தொடங்கி ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் இலவசப் போதை மீட்புப் பிரிவு போதிய மருத்துவர்களுடன் இயங்க வேண்டும். பயன்படுத்துவோர் நோயாளராக நடத்தப்பட வேண்டும். மைசூர் போன்ற வழக்குகளில் முதலீட்டாளர், மூலப்பொருள் விற்றவர், பாதுகாப்பு அளித்த அதிகாரி ஆகியோர் வரை விசாரணை செல்ல வேண்டும். வாலிபர், மாதர், தொழிற்சங்க அமைப்புகளின் கிளைகள் தத்தம் பகுதியில் சிகிச்சை தேவைப்படும் குடும்பங்களைக் கண்டறிந்து துணைநிற்க வேண்டும். ஒரு கொட்டகை பூட்டப்பட்டால் மற்றொன்று திறக்கப்படும். அத்தூளை நாடும் நிலையிலிருந்து இளைஞர்களை மீட்பதே நிலையான தடுப்பு. அப்பணி காவல் நிலையத்தை நம்பி நடைபெறாது.