முதலில் சுவர், பிறகு துப்பாக்கி



மெரினாவிலோ ஊர்த் திருவிழாவிலோ ஒரு முறையாவது பலூன் சுட்டுப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. நாலு பலூன் உடைந்தால் நம் திறமை. உடையாவிட்டால் ‘துப்பாக்கிதான் சரியில்லை’ என்று ஒரு சமாதானம். பல சமயம் அது உண்மையும்கூட!

அந்த ஏர் கன்னை வீட்டுக்கே வாங்கிவிடலாமா என்ற பேச்சு இப்போது பல வீடுகளில் நடக்கிறது. காரணம் தெரிந்ததுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தனியாக ஒன்று, சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து ஒன்று என இரண்டு வெண்கலம் வாங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கியவர். பெயரைக் கேட்டதுமே ‘நம்ம வீட்டுப் பொண்ணு’ என்று தோன்றிவிடுகிறது, இல்லையா? பிள்ளைகள் ஆசைப்படாமல் என்ன செய்வார்கள்?

ஆசை நல்ல ஆசைதான். கண்ணும் கையும் மூச்சும் ஒன்றாக நிற்கப் பழக்குகிற விளையாட்டு இது. ஒரு மணி நேரம் மொபைலைத் தொடாமல் பிள்ளை நிற்கிறான் என்றால் எந்த அம்மா வேண்டாம் என்பார்? ஆனால், கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கொல்லைப்புறத்தில் போய் நின்று, எந்தச் சுவரைப் பார்த்துச் சுடப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். அப்படி ஒரு சுவர் இல்லையென்றால் துப்பாக்கி வாங்க வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கறார்.

ஏன் என்று சொல்கிறேன். போட்டித் தூரமான 10 மீட்டர் என்பது சுமார் 33 அடி. நம்மில் பலருக்கு அந்த நீளம் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். மாடியின் கைப்பிடிச் சுவரோ இடுப்பு உயரம். ஏர் ரைஃபிளிலிருந்து கிளம்பும் ஈயக் குண்டு, அதாவது பெல்லட், விநாடிக்கு 150 மீட்டருக்கு மேல் வேகத்தில் போகும். குறி தவறினால் இருநூறு மீட்டர் தாண்டியும் போய் விழலாம். அந்தத் தூரத்துக்குள் எத்தனை மாடி, எத்தனை ஜன்னல், வடாம் காயவைக்கும் எத்தனை மாமிகள்? கிட்டத்தில் பட்டால் தோலைத் துளைக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

எனவே, ஆள் உயரத்தைத் தாண்டிய, கதவும் ஜன்னலும் இல்லாத சுவர் வேண்டும். அதற்குப் பின்னால் இருந்து யாரும் திடீரென்று எட்டிப்பார்க்க வழி இருக்கக் கூடாது. வெறும் செங்கல்லில் நேரடியாகச் சுட்டால் குண்டு தெறித்துத் திரும்பும். சுவருக்கு முன்னால் ஒரு மரப்பெட்டியை வையுங்கள். பெட்டியின் பின்பக்கம் இரும்புத் தகடு, உள்ளே பழைய துணியோ பத்திரிகைகளோ இறுக்கித் திணித்தது. அதன் முகப்பில் குறித்தாளை ஒட்டினால் உங்கள் ரேஞ்ச் தயார். நம் இதழின் பழைய பிரதிகள் இதற்குப் பயன்பட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு அவர் அப்பா வீட்டிலேயே ஒரு ரேஞ்ச் அமைத்துக் கொடுத்திருந்தார். அந்த வசதி நமக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு நல்ல பெட்டி செய்ய ஆசாரி ஒருவரும் அரை நாளும் போதும்.

அடுத்து சட்டம். 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ-க்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ‘பாயின்ட் 177’ என்று கடையில் சொல்வது இந்த 4.5 மி.மீ அளவைத்தான். பெட்டியில் இந்த இரண்டு எண்களையும் பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். அடையாளச் சான்று கேட்கும் கடைதான் நல்ல கடை. லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அது பொம்மை என்று அர்த்தமாகிவிடாது. பார்க்க நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். வெளியே எடுத்துப் போவதென்றால் உறையில் போட்டு, குண்டு இல்லாமல் கொண்டு போங்கள். பைக்கில் தோளில் மாட்டிக்கொண்டு போய் ரீல்ஸ் எடுத்தால் போலீஸ் நிறுத்தத்தான் செய்யும்.

எது வாங்குவது? குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ‘பிரேக் பேரல்’ ரகமே தொடங்குபவர்களுக்குப் போதும். நம் நாட்டில் தயாராவதே சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. காற்றை அடைத்து வைத்துச் சுடும் ‘பிசிபி’ ரகம் துல்லியமானதுதான். ஆனால் அதற்குத் தனிப் பம்ப், பராமரிப்பு என்று செலவு நீளும். ஒலிம்பிக் ரைஃபிளின் விலையோ லட்சங்களில். பிள்ளையின் ஆர்வம் இரண்டு மாதம் நிற்கிறதா என்று பார்க்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பிரேக் பேரலில் இரண்டு விஷயம். குழலை மடக்கிக் குண்டு போடும்போது, ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடி நழுவினால் குழல் படாரென்று மேலே வந்து விரலை நசுக்கிவிடும். ஸ்பிரிங்கை ஏற்ற நல்ல பலம் வேண்டும் என்பதால், சிறுவர்களுக்குப் பெரியவர்களே ஏற்றிக் கொடுப்பது நல்லது. இன்னொன்று, குண்டு போடாமல் ‘சும்மா’ சுட்டுப் பார்ப்பது. எதிரே குண்டு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பிஸ்டனுக்குக் காற்று மெத்தை கிடைக்காது. நேராகப் போய் மோதும், துப்பாக்கி சீக்கிரம் கெடும். வீட்டுக்கு வரும் மச்சான்கள் முதலில் செய்வது இதைத்தான்!

பெல்லட்டில் தட்டை முனை உள்ளதைக் கேளுங்கள். காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாக ஓட்டை விழும். இரும்பு உருண்டைக் குண்டு வேண்டாம், அது மோசமாகத் தெறிக்கும்.

இனி சுடலாம். பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் உண்டு, சுடுபவருக்கும் பார்ப்பவருக்கும். முதல் நாள் 10 மீட்டர் வேண்டாம், ஐந்தாறு மீட்டரே போதும். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், பிடிக்காதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது முன்னும் பின்னும் குதிக்கும். முன்னால் நீட்டிய உள்ளங்கையின் மேல் அது தளர்வாக உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குதிக்கும். பார்வை குழலின் நுனியில் இருக்கும் முன்குறியில் நிற்கட்டும். குறித்தாள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் சரியாகப் பார்க்கிறீர்கள் என்று பொருள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, டிரிக்கரை மெல்ல அழுத்துங்கள். குண்டு போன பிறகும் ஒரு விநாடி அப்படியே நில்லுங்கள்.

ஐந்து குண்டு சுட்டபின் தாளைப் பாருங்கள். நடுவில் பட்டதா என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் கை சரி, குறியைத்தான் திருத்த வேண்டும். குண்டுகள் வலப்பக்கம் போயிருந்தால் பின்குறியை இடப்பக்கம் நகர்த்துங்கள். ஐந்தும் நாலா பக்கமும் சிதறியிருந்தால் திருகாணியைத் தொட வேண்டாம், இன்னும் ஐந்து சுடுங்கள். ஒலிம்பிக் ஏர் ரைஃபிள் தாளில் பத்துப் புள்ளி என்பது வெறும் அரை மில்லிமீட்டர்.

பெல்லட் ஈயம் என்பதை மறக்க வேண்டாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கை எடுக்கக் கூடாது. வாயில் பெல்லட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் கூடவே கூடாது. வீட்டில் கோழி வளர்த்தால் இன்னும் கவனம். சிதறிய குண்டுகளைக் கல் என்று கொத்தி விழுங்கிவிடும். அது கோழிக்கு விஷம். பெட்டியைச் சுற்றி அன்றன்றே பெருக்கி விடுங்கள்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. நம் ஊர்களில் ஏர் கன் வாங்கிய பலர் முதலில் தேடியது கொக்கையும் புறாவையும்தான். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். தோட்டத்துக்கு வரும் மயிலை ‘சும்மா பயமுறுத்த’ச் சுட்டேன் என்பதும் செல்லாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் பறவைகளைக் காப்பாற்ற ஏர் கன்களை ஒப்படைக்கும் இயக்கமே நடந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களே கொண்டு வந்து கொடுத்தார்கள். உங்கள் பிள்ளையிடம் துப்பாக்கியைக் கொடுக்கும் அன்றே இதைச் சொல்லிவிடுங்கள்: தாள், பழைய டப்பா, அவ்வளவுதான்.

வீட்டில் அப்படிச் சுவரே இல்லையா? வருத்தம் வேண்டாம். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. உண்மையில், சுவர் இருப்பவர்களும் முதலில் அங்கே போய், பயிற்சியாளர் முன்னால் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதே மேல். நிற்கும் முறையில் வரும் தவறுகளை வீட்டில் யாரும் கண்டுபிடித்துச் சொல்லப் போவதில்லை.

வாங்கியபின் துப்பாக்கி ஒரு பீரோவில், பெல்லட் வேறொரு பீரோவில், சாவி பெரியவர்கள் கையில். சுடத் தொடங்குமுன் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சத்தம் கேட்டு அவர்கள் பதறாமல் இருப்பார்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் கூப்பிட்டு ஆளுக்கு ஐந்து குண்டு கொடுங்கள். பெட்டி எங்கே இருக்கிறது, சுவர் எவ்வளவு உயரம் என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்