பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள்



ஓய்வு பெற்றவர்கள் நமக்கு எழுதும் கடிதங்களில் கொஞ்ச நாளாக இரண்டு விஷயங்கள் ஒன்றாகவே வருகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், அங்கேயே போய்த் தங்கிவிடலாமா என்பது ஒன்று. “எங்கள் காலத்தில் இந்தக் கெடுபிடியெல்லாம் இல்லை சார், மனுஷன் நினைத்த இடத்துக்குப் போனான், வந்தான்” என்ற பெருமூச்சு இன்னொன்று. பெருமூச்சு ஆண்களுடைய கடிதங்களில்தான் அதிகம். அதை அப்புறம் பார்ப்போம்.

இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு ஆவூர் நினைவுக்கு வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஊர். திருச்சி விமான நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் விமானம் ஏற இந்தச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அங்கேதான் போகிறார்கள். ஆவூரின் பெருமை அதன் பழைய மாதா கோயில். ஈஸ்டர் சமயத்தில் பாஸ்கா நாடகமும் தேரும் நடக்கும்; மதம் பார்க்காமல் எல்லோரும் அந்தத் தேருக்கு வருவார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கோயில் எழுப்பிய வெனான்சியஸ் பூஷே பிரெஞ்சுக்காரர். 1732இல் இந்தியாவில்தான் கண்ணை மூடினார். பிறகு அங்கே ஊழியம் செய்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்தவர். 1710இல் கோவாவில் வந்து இறங்கினார், திரும்பிப் போகவே இல்லை.

ஆக, வெளிநாட்டில் போய் முதுமையைக் கழிப்பது நம் பிள்ளைகள் கண்டுபிடித்த புது வழக்கம் இல்லை. விசா இல்லாமல் இத்தாலிக்காரர் ஒருவர் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தாரே, அந்தக் காலம் சுதந்திரமான காலம்தானே என்று கேட்கலாம். ஆனால் இந்தப் பக்கத்து ஊர்கள் அடங்கிய மதுரை மிஷனுக்கு வருகிற பாதிரியார் போர்த்துகீசிய அரசரின் இசைவோடு, பெரும்பாலும் லிஸ்பனில்தான் கப்பல் ஏறவேண்டும். இங்கே வந்தபிறகும் பாளையக்காரர் மனம் மாறினால் சிறைதான். 1741இல் திருச்சி மராத்தியர் கைக்குப் போனது. அந்தக் குழப்பத்தில் இந்தப் பக்கத்தை விட்டு நகர்ந்த வீரமாமுனிவர், 1747இல் கேரளத்து அம்பலக்காட்டில் காலமானார். கடைசிக் காலத்தை எங்கே கழிப்பது என்பதை அவரும் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்துவிடவில்லை.

எதிர்த்திசையில் போனவர் ஒருவரும் இதே சீமையில் இருக்கிறார், அதுவும் ராஜாவே. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886இல், சிறுவனாக, புதுக்கோட்டை அரியணைக்கு வந்தவர். 1915இல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். வெள்ளையரசு அந்தப் பெண்ணை ராணியாக ஏற்க மறுத்துவிட்டது. மனைவியோடு புதுக்கோட்டைக்கு வந்தார். சில மாதங்கள்கூட நிம்மதியாக இருக்க முடியவில்லை. கர்ப்பமாக இருந்த மனைவிக்கு அரளி விஷம் வைத்தார்கள் என்ற பேச்சு வேறு. 1916இல் இருவரும் கிளம்பிவிட்டார்கள். சிட்னியில் மகன் பிறந்தான். அவனுக்கு வாரிசு உரிமை இல்லை என்றார்கள். ஆட்சிப் பொறுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ராஜா பிரான்சின் தென்கடற்கரையில் கான் நகரத்தில் குடியேறினார். 1928இல் பாரிஸில் இறந்தார். தகனம் நடந்தது லண்டனில். பட்டம் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போயிற்று.

கையில் பணமும் பெயருக்கு முன்னால் பட்டமும் இருந்த மனிதர். கட்டிய மனைவியைத் தன் அரண்மனையில் வைத்துக் குடும்பம் நடத்த அவரால் முடியவில்லை. கான் நகரத்து வாழ்க்கையை உல்லாசம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி வனவாசம்தான் தெரிகிறது.

ராஜா கதை போகட்டும். குடியானவர்கள்? புதுக்கோட்டை, திருச்சி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பாஸ்போர்ட் யாரும் கேட்கவில்லை, வாஸ்தவம். மண்டபம் முகாமில் நிறுத்தி, மருத்துவச் சோதனை முடித்து, தோட்டக் கணக்கோடு கட்டி அனுப்பினார்கள். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று முடிவானது. யாருக்கு எந்த ஊரில் வேர் என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்து முதுகு வளைந்தவர்கள், பார்த்தேயிராத ‘சொந்த ஊரு’க்கு மூட்டை கட்டினார்கள். சுலபமாகப் போக முடிந்தது என்பதை வைத்துச் சுதந்திரம் என்று சொன்னால், இவர்களிடம்தான் முதலில் விசாரிக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பாஸ்போர்ட் என்பது 1967 வரை நம் நாட்டிலேயே அரசாங்கம் மனம் வைத்துக் கொடுக்கிற சலுகைதான். வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று அந்த ஆண்டு சத்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட் சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் வெகுகாலம், அந்நியச் செலாவணி வாங்க ரிசர்வ் வங்கியின் தயவு தேவைப்பட்டது.

இப்போது, பெருமூச்சு ஏன் ஆண்களிடம் அதிகம் என்ற விஷயம். மார்த்தாண்ட பைரவர் செய்த வேறொரு காரியம் எனக்கு அவருடைய கல்யாணத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் படிக்கக் கேட்டாள். கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. ராஜா சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பெண் முத்துலட்சுமி ரெட்டி. பையன்களுக்கு நடுவே திரை மறைவில் உட்கார்ந்து படித்து, 1912இல் டாக்டரானார். அந்தக் காலத்தில் எல்லாம் தாராளம் என்று எழுதுகிறவர்கள் அந்தத் திரையை மறந்துவிடக்கூடாது.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்கச் சொன்னார். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்காரர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்றால் ஜென்ட்ஸ் சைக்கிள். அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம், அது வசதி என்றார்கள். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருக்காமல் சந்தைக்கும் தண்ணீருக்கும் போய்வர முடிந்தது. தெருவில் கேலி பேசினார்கள், இவர்கள் மிதித்தார்கள். 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டை வீதியில் சைக்கிளோடு வந்த பெண்கள் 1,500 பேருக்கு மேல்.

அன்று முப்பது வயதில் சைக்கிள் ஏறியவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. இப்போது பிள்ளைகள் கூப்பிடுவது அவரைத்தான்.

போனால் என்ன ஆகும்? விதிகளை நீங்களே விசாரித்துவிடுவீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பார்வையாளர் விசாவில் போனால் ஒரு தடவைக்குப் பொதுவாக ஆறு மாதம். கனடாவில் சூப்பர் விசா, ஒருமுறை போனால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம், காப்பீடு கட்டாயம். ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான நிரந்தர விசாவைச் சாதாரண வரிசையில் கேட்டால் முப்பது ஆண்டு காத்திருக்கவேண்டும் என்று அவர்கள் அரசாங்கமே சொல்கிறது. அறுபது வயதுக்காரரிடம் இதை எப்படித்தான் முகம் கோணாமல் சொல்கிறார்களோ. ஊரில் பென்ஷன் இருந்தால் வருடாவருடம் உயிரோடு இருப்பதை நிரூபிக்கவேண்டும். அது இப்போது செல்போனிலேயே முடிகிறது.

விதிகளைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அமெரிக்கப் புறநகர்களில் பல இடங்களில் கார் ஓட்டத் தெரியாதவர் வீட்டை விட்டு வெளியே போக முடியாது. நடந்துபோகிற தூரத்தில் கடை இல்லை, பஸ் இல்லை. மகனுக்கு லீவு கிடைக்கவேண்டும், மருமகள் மீட்டிங் முடியவேண்டும். முப்பது வயதில் யாருக்கும் காத்திருக்காமல் போகக் கற்றுக்கொண்டவர், அறுபதில் மறுபடி ஜன்னலோரம் காத்திருக்கவேண்டியதாகிறது. பிள்ளைகள் பாசத்தில் குறை இல்லை. ஊர் அமைந்த விதம் அப்படி. இதே காரணத்தால்தான், சிங்கப்பூருக்குப் போன பெற்றோர் அவ்வளவாகச் சலித்துக்கொள்வதில்லை என்று நினைக்கிறேன். அங்கே கீழே இறங்கினால் பஸ், நாலு எட்டில் காப்பிக்கடை, எம்ஆர்டி ரயில் பிடித்தால் தேக்கா சந்தை. காய்கறிக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசலாம்.

ஊரிலேயே இருந்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் பூட்டிய வீட்டுக்குள் தனியாக விழுந்து கிடப்பவர்களையும் நமக்குத் தெரியும். முதலில் மூன்று மாதம் போய்ப் பாருங்கள், வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள். கணவர் சொல்கிறார் என்பதற்காக மட்டும் அம்மாக்கள் தலையாட்டவேண்டாம்.

போய் இருந்தவர்களும், போய்த் திரும்பியவர்களும் எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். செலவுக் கணக்கை விரிவாக எழுதவேண்டாம், அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். அங்கே யாரையும் கேட்காமல் வாசலைத் தாண்டி நீங்கள் எங்கே போனீர்கள், எதில் போனீர்கள், திரும்பி வர வழி தெரிந்ததா என்பதை எழுதுங்கள். அப்பா எழுதும் கடிதத்தில் அம்மாவும் நாலு வரி தன் கையால் சேர்க்கவேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்