டர்போ மாட்டியாச்சு... டியூனிங் இன்னும் ஆகலை!



ஒவ்வொரு கேங்லயும் ஒருத்தன் இருப்பான். நடுராத்திரி போன் பண்ணி, 'மச்சி, காருக்கு டர்போ போட்டாச்சு'ம்பான். எனக்கு வாய்ச்சவன் என் ரூம்மேட். அவங்க அப்பா பொத்திப் பொத்தி வெச்சிருந்த 2004 மாடல் எஸ்டீமை, 'இனி நீயே வெச்சுக்கோடா'ன்னு கொடுத்தார். பையன் பார்ட் டைம் வேலை பார்த்துக் காசு சேர்த்து, டர்போ கிட் வாங்கிட்டான். ரேஸ் டிராக்ல ஒரு நாளாவது ஓட்டணும்கிறது கனவு.

பொள்ளாச்சியில் ஒரு ஷெட்டில் மாட்டியாச்சு. டியூன் பண்ற இடம் கோயம்புத்தூர். நடுவில் சுமார் நாற்பது கிலோமீட்டர். அந்த நாற்பதில்தான் இந்த வார மேட்டரே இருக்கு!

மெஸ் சாம்பார் தியரி

ஹாஸ்டல் மெஸ்ஸில் ஐம்பது பேருக்கு சாம்பார் வெச்சிருக்காங்க. திடீர்னு எண்பது பேர் வந்து உட்கார்ந்தா? டர்போ மாட்டின இன்ஜினுக்கு நடக்கிறது அதேதான். வெளியே போற புகையின் வேகத்தில் டர்போ சுத்தி, இன்ஜினுக்குள்ளே கூடுதல் காத்தைத் திணிக்குது. ஆனா காரோட கம்ப்யூட்டருக்கு (அதான் ஈ.சி.யூ.) இந்த விஷயமே தெரியாது. பழைய காரில் இருக்கிற பிரஷர் சென்சார், சாதாரணக் காத்தழுத்தம் வரைக்கும்தான் அளக்கும். அதுக்கு மேலே வந்த காத்து அதன் கணக்கிலேயே வராது. அதனால பெட்ரோலைப் பழைய அளவிலேயே ஊத்தும். தீப்பொறியையும் பழைய நேரத்திலேயே போடும்.

சாதாரணமா ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து. பூஸ்ட் ஏறும்போது 12-க்குப் பக்கத்துலயோ, அதுக்கும் கீழேயோ இருந்தாத்தான் இன்ஜினுக்கு நல்லது. பெட்ரோல் பத்தலைன்னா சூடு எகிறும். தீ பரவி வர்றதுக்கு முன்னாடியே மூலையில் இருக்கிற கலவை தானா வெடிக்கும். இதுக்குப் பேர்தான் 'நாக்கிங்'. டின்னுக்குள்ளே கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வரும். பிஸ்டன் வெறும் அலுமினியம் பாஸ், எத்தனை அடி தாங்கும்?

இந்தப் பயம் புதுசு இல்லை. 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் டர்போ கார்ல, நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணியும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குன்னே தனி டேங்க் வெச்சாங்க. டேங்க் காலியானா பூஸ்ட்டைக் குறைக்கிற ஏற்பாடும் இருந்துச்சு. கம்பெனிக்காரனே அவ்வளவு உஷாரா இருந்திருக்கான்!

சரி, என்ன பண்ணணும்?

முதல் வழி, ஒரே நல்ல வழி: லாரியில் ஏத்திட்டுப் போங்க. சும்மா சொல்லலை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும்னு போட்டிருக்காங்க. ரோட்டில் ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸும் கையை விரிக்கலாம்.

ஷெட் வளாகத்திலோ டிராக்கிலோ கொஞ்சம் நகர்த்தியே ஆகணுமா? அப்போ இதெல்லாம் மனசில் இருக்கட்டும்:

* முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட் பண்ணிட்டு, ஆயில் பிரஷர் வர்ற வரைக்கும் இன்ஜினைச் சுத்த விடுங்க. டர்போ பேரிங் ஆயில் இல்லாம ஒரு நிமிஷம்கூடத் தாங்காது.

* ஆயில் பைப்பில் கசிவு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. கொதிக்கிற டர்போ மேல ஆயில் சொட்டினா தீதான். தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டுற தூரத்தில் இருக்கட்டும்.

* பூஸ்ட் மீட்டர், காத்து-பெட்ரோல் அளவு காட்டுற வைட்பேண்ட் மீட்டர் ரெண்டும் இல்லாம நகர்த்தவே நகர்த்தாதீங்க. பூஸ்ட் முள் பூஜ்யத்துக்குக் கீழேயே இருக்கணும். மீட்டரைப் பார்க்கத் தனியா ஒரு ஆள்.

* ஆக்ஸிலரேட்டரைப் பூ மாதிரி தொடுங்க. பெரிய கியரில் இன்ஜினைத் திணற விடாம, கியரைக் குறைச்சு மெதுவா போங்க. ஏ.சி. ஆஃப்.

* வேஸ்ட்கேட் ஹோஸைக் கழட்டிட்டா பூஸ்ட் வராதுன்னு சிலர் சொல்வாங்க. நம்பாதீங்க! பெரும்பாலான கிட்களில் விஷயமே தலைகீழ். ஹோஸ் இல்லைன்னா வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் கட்டுக்கடங்காம ஏறும். வேஸ்ட்கேட்டையே திறந்த நிலையில் கட்டி வெக்கிறதுதான் முறை. அதையும் மெக்கானிக்கே செய்யட்டும்.

* நிறுத்தும்போது ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டுட்டு ஆஃப் பண்ணுங்க.

அந்த மூணு செகண்ட்

'இவ்வளவும் தெரிஞ்ச நீங்க லாரியில்தானே போனீங்க?'ன்னு கேட்கிறீங்களா? இல்லை பாஸ். லாரி வாடகை மிச்சம் பிடிக்கலாம்னு விடியக்காலையில் ஓட்டிட்டே கிளம்பிட்டோம். மீட்டர் பார்க்கிற ஆள் நான்.

கிணத்துக்கடவு கிட்ட ஒரு ஏற்றம். நாலாவது கியர். பின்னாடி ஒரு பஸ், விடாம ஹாரன். அவனுக்கு ரோஷம் வந்துடுச்சு, ஒரு மிதி. பூஸ்ட் முள் பூஜ்யத்தைத் தாண்டுச்சு. வைட்பேண்ட் 15-ஐத் தாண்டுச்சு. அந்தக் கூழாங்கல் சத்தமும் கேட்டுச்சு. நான் 'காலை எடுடா'ன்னு கத்துறதுக்குள்ள மூணு செகண்ட். அவ்வளவுதான்!

கோவையில் கம்ப்ரஷன் பார்த்தா மூணாவது சிலிண்டர் காலி. பிஸ்டனில் ரிங் உட்காருற இடம் உடைஞ்சிருந்தது. இன்ஜினைப் பிரிச்சுச் சேர்த்த செலவில் பத்து லாரி பிடிச்சிருக்கலாம். ஆனா அவன் கவலை காசு இல்லை. 'அப்பாகிட்ட எப்படிடா சொல்றது?'ன்னு ஒரு நாள் முழுக்க போனையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் சொன்னான். அவங்க அப்பா கேட்டது ஒரே கேள்வி: "உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

அதுக்கு மேலே திட்டே தேவைப்படலை எங்களுக்கு.

ரெண்டாவது தடவை எஸ்டீம் கோவைக்கு லாரி மேல ஏறித்தான் போச்சு, மகாராஜா மாதிரி. டியூனும் ஆச்சு. டியூன் ஆகாத காரில் ஈ.சி.யூ. வேலையை உங்க வலது கால்தான் பார்க்கணும். அந்தக் காலுக்கு ரோஷம் வரும் மக்களே, ஜாக்கிரதை!

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!